தம்பி என்ற பதவி

பிப்ரவரி 3

இன்னும் கொப்புளம் காணாத அக்காவின் பாதங்களுக்கு,

நாற்காலிகளின் காவலனும், செத்துப்போன சோபாக்களை உயிர்ப்பிக்கிறவனும், இந்தத் தெருவே ‘சோபா மாமா’ என்று கொண்டாடுகிறவனும், உன் ஒரே உடன்பிறப்புமாகிய நான் உயிரோடு இருக்கிறேன். அதை நலம் என்று எடுத்துக்கொள்வதா என்பதை நீயே தீர்மானித்துக்கொள். நீ நலமா? முழங்கால் நலமா? நான் தைத்துக் கொடுத்த தோள்பை வார் நலமா?

நீ கிளம்பியதிலிருந்து இந்த வீட்டில் குக்கர்கூட விசிலடிக்கத் தயங்குகிறது. நேற்று நானே சமைத்தேன். அந்தப் புகைக்கு எதிர்வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியை வரவழைத்தார். வந்தவர்கள் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு ஆம்புலன்ஸை வரவழைத்தார்கள்.

ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் ஒரு ஆயுள் முழுக்க உட்கார்ந்து, ‘லைன்ல இருங்க’ என்று ஊருக்கே சொன்னவள் நீ. ஓய்வு பெற்ற மறுவாரம் “இனிமே இந்தச் சனியனைக் காதுகிட்டக் கொண்டுபோக மாட்டேன்டா” என்று போனை என் மேசை டிராயரில் போட்டுவிட்டு மலைத் தலத்துக்கு நடந்தே போகிறேன் என்று கிளம்பிவிட்டாய். இரண்டு மாத நடை! நானும் வருகிறேன் என்றேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தாய். தெருமுனை வரைக்கும்தான் போகலாம் என்று டாக்டர் சொன்ன இடுப்பு. அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை. அதாவது, அன்று பேசவில்லை.

வழியிலுள்ள விடுதிகளுக்குக் கடிதம் போட்டால் கிடைக்கும் என்றாய். போடுகிறேன். போகும்போது நடை, வரும்போது பஸ் என்று நீ என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாய். என் தலையில் இப்போது முடி இல்லாததால் அந்த அடி நேராக மண்டையில் பதிந்திருக்கிறது, அழியாது.

மாடியில் இருக்கும் பல் டாக்டர் அம்மாவின் நாற்காலி பழுதுக்கு வந்திருக்கிறது. நோயாளிகள் பயத்தில் பிடித்துப் பிடித்துக் கைப்பிடி ரெக்சின் கிழிந்து தொங்குகிறது. அதைப் பார்த்தால் என்னைப் பார்த்த மாதிரி இருக்கிறது.

உன் திரும்பி வரும் பஸ்ஸுக்காக இப்போதே காத்திருக்கும்,
தம்பி


பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா சுகம். கொப்புளம் வந்து, உடைந்து, காய்ந்தும் விட்டது. நீ வேளைக்குச் சாப்பிடு. சாயங்காலம் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? கொடுக்கவில்லை என்று தெரியும். கொடு.

எங்கள் கூட்டத்தில் பன்னிரண்டு பேர். எல்லோரும் நல்ல மாதிரி. முதல் வாரம் நான் கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தேன். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் வருகிறார். வாழ்நாள் முழுக்க நடந்த கால், இரும்பு மாதிரி. ஆனால் எனக்காக மெதுவாக நடந்தார். செருப்பை மாற்றச் சொன்னார், இரண்டு காலுறை போடச் சொன்னார். அதற்கப்புறம்தான் கொப்புளம் அடங்கியது. அவரை என்னவென்று கூப்பிடுவது? ‘சார்’ என்றால் சிரிக்கிறார். ஒருநாள் ஏதோ ஞாபகத்தில் ‘தம்பி’ என்று கூப்பிட்டுவிட்டேன். அவரும் “என்னக்கா?” என்று திரும்பிவிட்டார். அப்படியே ஒட்டிக்கொண்டது.

உன்னைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறேன். பல் டாக்டர் அம்மாவைக் கேட்டதாகச் சொல். மொட்டைமாடிக் கொடியில் என் புடவை ஒன்று கிடக்கிறது, எடுத்து மடித்து வை.

அக்கா


பிப்ரவரி 21

முன்னாள் என் அக்காவும், இந்நாள் தபால்துறையின் அக்காவுமாகிய அம்மையாருக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. ஆனாலும் நலமா?

உன் கடிதத்தைப் படித்தபோது என் வாயில் ஆறு ஆணிகள் இருந்தன. சோபா அடிக்கும்போது ஆணியை வாயில்தான் வைத்துக்கொள்வேன் என்று உனக்குத் தெரியும். ‘தம்பி’ என்ற இடத்தைப் படித்ததும் ஆறையும் ஒரே ஊதலில் எதிர்ச் சுவரில் அறைந்துவிட்டேன். அவற்றில் இப்போது காலண்டர் மாட்டியிருக்கிறது.

அக்கா, ‘தம்பி’ என்பது தெருவில் கிடக்கும் வார்த்தையா? அது ஒரு பதவி. பிறந்த அன்றே எனக்குக் கிடைத்த பதவி. இதற்குப் பரீட்சை கிடையாது, பதவி உயர்வு கிடையாது, ஓய்வும் கிடையாது. ஓய்வு பெற்ற ஒரு ஆசாமி, இருந்த வேலை போனதும் என் வேலைக்கு வந்து உட்கார்ந்துகொள்வதா? அவர் வீட்டில் சொந்தமாக அக்கா இல்லையா? இரும்புக்கால் இருந்தால் போதுமா? என் டாக்டர் என் இடுப்பிலும் இரும்பு வைக்கலாம் என்றுதான் சொல்கிறார். அதற்காக நான் ஊரெல்லாம் போய் யாருக்காவது தம்பியாகிவிட்டேனா?

உன் மகள் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“மாமா, நீங்க என்ன சின்னப் பிள்ளையா? பஸ்ல, கடையில எல்லாரையுமேதான் அம்மா தம்பினு கூப்பிடும். காய்கறிக்காரரைக் கூப்பிடல?”

“காய்கறிக்காரர் உங்கம்மாவுக்குக் காலுறை போடச் சொன்னாரா? சொல்லலையே!”

“அம்மாவாவது நிம்மதியா நடக்கட்டும், விடுங்க மாமா.”

‘அம்மாவாவது நிம்மதியா’ என்றாளே, அதற்கு என்ன அர்த்தம்? இதுவரை யார் உன் நிம்மதியைப் பிடுங்கிச் சோபாவுக்குள் வைத்துத் தைத்தார்கள்?

போகட்டும். காலுறை யாரும் கொடுக்கலாம். நான் கொடுப்பதை யாராலும் கொடுக்க முடியாது. இத்துடன் பார்சலில் ஒரு திண்டு அனுப்புகிறேன். நான்கு அடுக்கு ஃபோம், நடுவில் தேங்காய் நார், மேலே நீல வெல்வெட். அதில் உட்கார்ந்தால் அரியணை என்பது முக்காலி மாதிரித் தெரியும். ஒவ்வொரு விடுதியிலும் அதைப் போட்டு உட்கார். உட்காரும்போதெல்லாம் இதைச் செய்தது எந்தத் தம்பி என்று நினைத்துக்கொள்.

அசல் தம்பி


மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தான். நீயும் அப்படியே இருக்க வேண்டும். ஆணியை வாயில் வைக்காதே என்று எத்தனை தடவை சொல்வது?

திண்டு வந்தது. எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். உன் தையலைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். தபால்காரத் தம்பிக்குக் கழுத்து வலி; தலைக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று அவரிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு அது சுமக்கக் கனம். அவர்தான் முதுகில் கட்டிக்கொண்டு வருகிறார். தப்பாக நினைக்காதே.

வேறு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் மலைக் கணவாய் வருகிறது. அந்த ஒரு நாள் மட்டும் யாரும் சேர்ந்து நடக்கக் கூடாதாம். அங்கே விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, ஒருவரை அனுப்பி, அவர் தலை வளைவில் மறைந்த பிறகுதான் அடுத்தவருக்குக் கதவைத் திறப்பாராம். விடிந்து கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் அடுத்த விடுதி. நடுவில் வீடு கிடையாது, கடை கிடையாது. பேச்சுத் துணையும் கிடையாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. கீழே விழுந்துவிடுவேன் என்றில்லை. வேலையில் பத்து லைன் ஒரே நேரத்தில் மினுக்கும். வீட்டுக்கு வந்தால் நீ பேசுவாய். ஒரு முழு நாள் யாருடைய குரலும் இல்லாமல் நான் இருந்ததே இல்லை. அன்று என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

ஒத்தடம் மறக்காதே.

அக்கா


மார்ச் 10

திண்டைத் தானம் செய்த வள்ளலுக்கு,

உன் உடம்பு எப்படி? என் உடம்பு எரிகிறது. வயிற்றில் தொடங்கி உச்சந்தலை வரை. மாடியிலிருந்து பல் டாக்டர் அம்மா எட்டிப் பார்த்து, “என்ன மாமா, கடையில் வெல்டிங் நடக்குதா?” என்று கேட்டார். இல்லை அம்மா, என் நீல வெல்வெட்டின் மேல் ஒரு அந்நியத் தலை படுத்திருக்கிறது என்றேன்.

ஆனால் அக்கா, உன் கடிதத்தின் இரண்டாம் பாதியைப் படித்து எழுந்து நின்று கைதட்டினேன். இடுப்பு கத்தியது, கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த விடுதி அம்மாவுக்குச் சிலை வைக்க வேண்டும். ஒருத்தர் மறைந்த பிறகுதான் அடுத்தவரா? ஆஹா! அன்று ஒரு முழு நாள் அந்த இரும்புக்கால் உன் பக்கத்தில் வர முடியாது!

நீ ஏன் பயப்படுகிறாய்? நான் இருக்கிறேனே. அன்று விடிந்ததும் என்னோடு பேசத் தொடங்கு. மனசுக்குள் பேசு, வாய்விட்டும் பேசு. மரம் பார்த்தால் ‘தம்பி, மரம்டா’ என்று சொல். நான் இங்கே ஆணி அடித்துக்கொண்டே ‘ஆமாக்கா’ என்று சொல்வேன். சாயங்காலம் வரை லைனைத் துண்டிக்காதே. அந்த நாள் முழுக்க நீயும் நானும் மட்டும்தான்.

என்ன பேசினாய் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது. காத்திருக்கிறேன்.

லைனில் இருக்கும் தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

கணவாய் தாண்டிப் பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

கதவைத் திறந்து, “போயிட்டு வாங்க, வழி தெளிவா இருக்கு” என்று அந்த அம்மா சொன்னார். அவ்வளவுதான். முதல் ஒரு மணி நேரம் என் காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு காக்கை கத்தியதும் என் வாய் தானாக “யாருக்கு இணைக்கணும்?” என்று கேட்டுவிட்டது. எனக்கே வெட்கமாகப் போய்ச் சுற்றிப் பார்த்தேன். பார்க்க யாருமில்லை. சிரித்தேன். பிறகு மணி நின்றுவிட்டது.

ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் போனேன். ரொம்ப தூரம் போன பிறகுதான் தப்பு என்று தெரிந்தது. முள்ளும் கல்லும்தான், பாதை இல்லை. திரும்பி வந்தேன். ‘அப்பவே சொன்னேனே’ என்று சொல்ல ஆளில்லை. நான் யாருக்கும் காரணம் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. தப்பான வழியில் போனேன், திரும்பி வந்தேன், அவ்வளவு லேசாக இருந்தது.

ஓடையில் காலை விட்டுக்கொண்டு ரொட்டி சாப்பிட்டேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரும் ‘என்ன யோசனை?’ என்று கேட்கவில்லை. யோசனை ஒன்றும் இல்லை. யோசனை இல்லாமல் இருக்க முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மழை வந்தது, ஒரு பாறைக்குக் கீழே நின்றேன். மழை போனது; நடந்தேன். என் காலடிச் சத்தம் எப்படி இருக்கும் என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. வலது கால் கொஞ்சம் இழுத்து வைக்கிறேன் போலிருக்கிறது.

பொழுது சாயும்போது தூரத்தில் விடுதியின் புகை தெரிந்தது. எல்லோரும் புகையைக் கண்டதும் ஓட்டமாக ஓடினார்களாம். நான் மெதுவாக நடந்தேன். சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதே என்று இருந்தது.

வேறு விசேஷமில்லை.

அக்கா


ஏப்ரல் 1

தபால்துறையின் ஓய்வு பெற்ற சிங்கம், மாற்றுத் தம்பி அவர்களுக்கு,

விடுதி விலாசத்துக்கு எழுதுகிறேன். நலமாக இருப்பீர், நீல வெல்வெட்டில் தலை வைத்தவர் நலமாக இல்லாமல் எப்படி?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கணவாய் நாளன்று நீர் எங்கே இருந்தீர்? மழுப்ப வேண்டாம். என் அக்காவின் கடிதம் என் முன்னால் இருக்கிறது. இதைத் தனியாக நடந்தவள் எழுதியிருக்க முடியாது. இவ்வளவு சந்தோஷத்துக்கு ஒரு ஆள் வேண்டும். சிரித்தேன் என்கிறாள். லேசாக இருந்தது என்கிறாள். ஓடையில் காலை விட்டாளாம். பயத்தில் நடுங்கிக்கொண்டு கிளம்பியவள் இவள். நீர் பின்னாலேயே ஓடிப்போய், விடுதி அம்மா கண்ணில் மண்ணைத் தூவி, அவளோடு சேர்ந்து நடந்திருக்கிறீர். ஒப்புக்கொண்டுவிடும். நான் கோபப்பட மாட்டேன். கொஞ்சம் பொசுங்குவேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் கேட்கிறேன். இதை நான் சொன்னதாக அவளிடம் சொல்ல வேண்டாம். அவள் திரும்பி வருவாளா? பஸ் ஏறிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் இந்தக் கடிதத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறேன், அதில் எங்கேயும் வீடு இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. ஒத்தடம் என்ற வார்த்தை இல்லை. பத்து வயதில் அப்பா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். அத்தான் இறந்த பிறகு நான்தான் அவளுக்குத் துணை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உமது நேர்மையான பதிலை எதிர்பார்க்கும்,
மூலத் தம்பி


ஏப்ரல் 7

ஐயா,

வணக்கம். நான் சுகம். கழுத்து வலி விட்டுவிட்டது. திண்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் சாய்ந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை. நடக்கிறவனுக்கு அது ஆகாது.

கணவாய் நாளில் நான் அக்காவுக்கு அப்புறம் நான்கு பேர் தள்ளிக் கிளம்பினேன். மழை வழுக்கலில் சறுக்கி விழுந்து, நன்றாக இருட்டின பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். அக்காவோடு யாரும் நடக்கவில்லை. சத்தியம்.

நீங்கள் கேட்டதால் இதையும் சொல்கிறேன். கணவாய்க்கு முந்தி அக்கா ஓயாமல் உங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். நீங்கள் ஆணியை விழுங்கிய கதை, மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்ததும் சோபா உடைந்த கதை, எல்லாம் எனக்கு மனப்பாடம். என் சொந்தத் தம்பியைக்கூட எனக்கு அவ்வளவு தெரியாது. கணவாய்க்கு அப்புறம் உங்கள் பேச்சே இல்லை. யார் பேச்சும் இல்லை. என்னையும் இப்போது தம்பி என்று கூப்பிடுவதில்லை. கூப்பிடுவதே இல்லை. உடம்புக்கு ஏதாவதோ என்று பயந்து கேட்டேன். “நல்லாத்தான் இருக்கேன். முன்ன எப்பவும் இவ்வளவு நல்லா இருந்ததில்ல” என்றார்கள்.

இப்படிக்கு,
தபால்காரர்


ஏப்ரல் 13

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ நலமா? தலத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம். உன் இடுப்புக்காக வேண்டிக்கொண்டேன். எனக்காக என்ன வேண்டுவது என்று தெரியாமல் சும்மா நின்றேன்.

கூட்டத்தில் எல்லோரும் நாளைக்கு பஸ்ஸில் திரும்புகிறார்கள். நான் ஏறப்போவதில்லை. வந்த வழியிலேயே நடந்து திரும்புகிறேன். தனியாக.

சத்தியம் செய்திருக்கிறேன் என்று சொல்வாய். செய்தேன்தான். அப்போது எனக்குத் தெரியாது, அந்த மாதிரி ஒரு நாள் இருக்கிறது என்று. வரும்போது எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். இன்னும் கொஞ்சம் வேண்டும்.

வீட்டுக்கு வருவேன். எப்போது என்று கேட்காதே. வந்து கூட்டிப் போகிறேன் என்று கிளம்பாதே. உன் இடுப்புக்காக மட்டும் சொல்லவில்லை.

கோபமாக இருந்தால் எழுதாதே. கோபம் போன பிறகு எழுது.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

நலம், நலம், நலம். கோபமா? எனக்கா? கடல் கொந்தளிக்கும், எரிமலை வெடிக்கும், சோபா மாமா மட்டும் குளிர்ந்த தண்ணீர்ப் பானை. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் பேனாவில் மை தீர்ந்ததுதான். முதல் நான்கு கடிதங்களை எழுதிக் கிழித்ததில் தீர்ந்தது.

நீ நடந்தே திரும்புவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. தாராளமாக நட. நிதானமாக நட.

போன வெள்ளிக்கிழமை நான் எங்கும் போகவில்லை. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். காலையில் கடையைத் திறந்தேன். பல் டாக்டர் அம்மாவின் நாற்காலிக்குப் புது ரெக்சின் போட்டேன். மத்தியானம் சாப்பிட்டேன். சாயங்காலம் மூடினேன். இடையில் பஸ் நிலையம் இருக்கும் திசையில்கூடத் திரும்பிப் படுக்கவில்லை. யார் கேட்டாலும் பல் டாக்டர் அம்மா சாட்சி சொல்வார். இன்னும் அவரிடம் சொல்லவில்லை, சொல்லி வைத்துவிடுகிறேன்.

இடுப்பு கொஞ்சம் அதிகமாக வலிக்கிறது. வானிலை சரியில்லை.

வீட்டை விட்டு நகராத தம்பி


மே 7

அன்புள்ள தம்பிக்கு,

நான் நல்லபடியாக நடந்துகொண்டிருக்கிறேன். நீ அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார்ந்து குலுங்கிவிட்டு இப்போது எப்படி இருக்கிறாய்?

வெள்ளிக்கிழமை காலையில், சாலையும் நடைபாதையும் சேர்ந்து போகும் மலை வளைவில் ஒரு பஸ் என்னைக் கடந்து போனது. மூன்றாவது ஜன்னலில் ஒருவர் சட்டென்று குனிந்துகொண்டார். செருப்பு வார் அறுந்திருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அதே பஸ் திரும்பி வந்தது. அதே ஜன்னலில் அதே ஆளுக்கு அதே இடத்தில் மறுபடியும் வார் அறுந்துவிட்டது. குனிந்த தலை மட்டும் தெரிந்தது. சின்ன வயசில் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து என் உள்ளங்கைக்கு மனப்பாடமான மண்டை அது. முடி போனால் மட்டும் எனக்கு அடையாளம் தெரியாதா?

நீ கேட்காததை நான் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நீதானோ என்று சந்தேகம்தான். திரும்பி வரும் சத்தம் கேட்டதும் ஓரமாக நின்றுவிட்டேன். நீ இறங்கினால் கை கொடுக்க வேண்டுமே, படி உயரமாயிற்றே என்று கிட்டே வந்து நின்றேன். இறங்கியிருந்தால் திட்டியிருப்பேன். திட்டிவிட்டு உன்னோடு அதே பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்திருப்பேன். இந்த நடை அதோடு முடிந்திருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் நின்றேன்.

பஸ் நிற்கவில்லை. அடுத்த வளைவு வரைக்கும் அழுதுகொண்டே போனேன். அதற்குப் பிறகு வழி நன்றாக இருந்தது.

ஏன்டா இறங்கவில்லை?

அக்கா


மே 12

அக்காவுக்கு,

நலம். நீ நலமாக இருக்கிறாய் என்று நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன.

உன் குற்றச்சாட்டை அடியோடு மறுக்கிறேன். உலகத்தில் வழுக்கைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. வரிசையாக அடுக்கினால் நிலாவுக்குப் பாலம் போடலாம். நீ பார்த்தது அவற்றில் ஒன்று. ஆனால் அந்த ஆள் என் கடைக்கு வந்து நடந்ததைச் சொல்லிவிட்டுப் போனான். அதை மட்டும் எழுதுகிறேன்.

அவன் இறங்கத்தான் போனான். வழி முழுக்க வசனம் தயார் செய்துகொண்டு போனான். உன்னைத் தூரத்தில் பார்த்ததும் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று, “கண்டக்டர், இங்க நிறுத்துங்க, எங்க அக்கா வராங்க” என்று கத்தியும் விட்டான். பஸ் கிட்டே வந்தது. நீ தனியாக வந்துகொண்டிருந்தாய். கையை வீசிக்கொண்டு, வாயைத் திறந்து, பாடிக்கொண்டு வந்தாய்.

அக்கா, நீ பாடுவாய் என்று அவனுக்குத் தெரியாது. உன் வீட்டில் இத்தனை வருஷம் இருந்தவன் ஒரு முணுமுணுப்புக்கூடக் கேட்டதில்லை. அவன் பேசிக்கொண்டிருந்த இடத்தில் உனக்கு எங்கே நேரம் கிடைத்திருக்கும்?

“என்ன சார், நிறுத்தவா?” என்று கண்டக்டர் கேட்டார்.

“வேணாம் தம்பி, போங்க. நான் தப்பாப் பார்த்துட்டேன். இது எங்க அக்கா இல்ல” என்று சொல்லிக் குனிந்துகொண்டான்.

திரும்பி வரும்போது குனிந்தது வேறு காரணத்துக்காக. பார்த்தால் இறங்கிவிடுவான். நீ நின்றுகொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று அவனைக் கேட்டேன். என் சுத்தியலை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்று மட்டும் அவனுக்கு ஆறவில்லை. முதல் தடவை குனிவதற்கு முன் ஜன்னல் கண்ணாடியைத் திறக்க அவனும் பக்கத்து சீட்டுக்காரரும் சேர்ந்து இழுத்தார்கள். துருப்பிடித்துக் கிடந்தது, அசையவில்லை. நீ என்ன பாடினாய் என்று ஒரு சொல்கூட அவனுக்குக் கேட்கவில்லை. சாலை ஓரத்தில், உனக்கு இரண்டு முழம் தள்ளி, ஒரு வெள்ளாடு நின்று முள்ளைத் தின்றுகொண்டே முழுப் பாட்டையும் கேட்டது. தபால்காரர் மேல் இருந்த வயிற்றெரிச்சல் எல்லாம் அணைந்துவிட்டது. ஆனால் அக்கா, அந்த ஆட்டை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்.

தம்பி